புரட்டாசியில் ஆமை பார்க்கப் போனோம்

எங்கள் வீட்டில் புரட்டாசி மாதத்தில் பெண் பார்க்க மாட்டோம். கல்யாணப் பேச்சு எடுக்க மாட்டோம், தட்டு மாற்ற மாட்டோம், மாப்பிள்ளை வீட்டாரை வாசல் ஏறவும் விட மாட்டோம். ஆனால் புரட்டாசியில் ஆமை பார்க்கக்கூடாது என்று யாரும் சொல்லி வைக்கவில்லை. அதனால் ஆமை பார்க்கப் போனோம்.

யோசனை என் கடைசி மகளுடையது. அவளுக்கு முப்பத்து மூன்று வயது. எங்கள் தீவில், பாயான் லெப்பாஸ் பக்கம் ஒரு பேக்டரியில் வேலை. அதே பேக்டரியில் மேல் மாடியில் வேலை செய்யும் ஒருவரை அவளுக்குப் பிடித்துப் போனது, அவருக்கும் இவளைப் பிடித்துப் போனது. இரண்டு பேரும் தங்களுக்குள் எல்லாம் பேசி முடித்துவிட்டார்கள். பாக்கி இருந்தது இரண்டு அம்மாக்கள்தான். அந்தப் பிள்ளைக்கும் அப்பா இல்லை, என் மகளுக்கும் அப்பா இல்லை. ஆக, பெண் பார்ப்பது மாப்பிள்ளை பார்ப்பது எல்லாம் முடிந்து, இனி அம்மாவை அம்மா பார்க்க வேண்டியதுதான். ஐப்பசி வரைக்கும் பொறுக்க இரண்டு பேருக்கும் முடியவில்லை. தெலுக் பஹாங்கில் இருக்கிற தாமான் நெகாராவுக்கு, அதுதான் காடும் கடலும் சேர்ந்த அந்தத் தேசியப் பூங்காவுக்கு, ஞாயிற்றுக்கிழமை சும்மா ஒரு சுற்றுலா என்று வைத்தார்கள். அங்கே பந்தாய் கெராச்சுட் என்ற கடற்கரையில் ஆமை முட்டைகளைக் காப்பாற்றிக் குஞ்சு பொரிக்க வைக்கிறார்கள். அதைப் பார்க்கலாம் என்றார்கள்.

என் மகளுக்கு ஒரு பயம் இருந்தது. முன்னே இரண்டு இடம் வந்து கலைந்து போனது. முதல் இடம் ஜாதகத்தால். இரண்டாவது இடம் என் வாயால். அந்த அம்மா என் சாம்பாரில் காயம் போதாது என்றார். நான் பேக்டரிக் கண்டீனில் இருபத்தெட்டு வருஷம் சமைத்தவள். சீனன், மலாய்க்காரன், நம்மாள் என்று எல்லாரும் வரிசையில் நின்று என் சாம்பாரைக் கேட்டு வாங்கிப் போவார்கள். சும்மா இருப்பேனா? பதில் சொன்னேன். இடம் போனது. அதனால் இந்தத் தடவை மகள் கிளம்பும்போதே என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"அம்மா, இன்னிக்கு ஒரு நாள் மட்டும் கொஞ்சம் சின்னதா பேசுங்க."

எனக்கும் ஒரு பயம் இருந்தது. அதை நான் சொல்லவில்லை. அந்த அம்மா யாழ்ப்பாணத்துக் குடும்பம். அவருடைய அப்பா அந்தக் காலத்தில் கணக்கெழுதும் கிராணி. இவர் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். பணம் காசு பார்க்க மாட்டாராம், நகை கேட்க மாட்டாராம். வருகிற பெண்ணின் வீடு வாசிக்கிற வீடாக இருக்க வேண்டும், அது ஒன்றுதான் அவர் மகனிடம் கேட்டது. என் மகள் உடனே, எங்கள் அம்மா தினமும் பேப்பர் வாசிப்பார் என்று சொல்லிவிட்டாள்.

அது பொய் இல்லை. வாசிப்பேன். தமிழ்ப் பேப்பர், காலையில் தொடங்கினால் மத்தியானம் சோறு வடிக்கும் வரைக்கும் வாசிப்பேன். நிபோங் திபால் பக்கம் ரப்பர் மரம் நிற்கிற கித்தாத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு வரைக்கும் படித்தது அதற்குப் போதும். ஆனால் மலாயும் இங்கிலீஷும் எழுதுகிற அந்த ரூமி எழுத்து எனக்கு வராது. பேச்சில் மலாய் தண்ணீராக வரும், எழுத்தில் வராது. பஸ்ஸை நம்பர் பார்த்து ஏறுவேன், மருந்தை நிறம் பார்த்துச் சாப்பிடுவேன். இத்தனை வருஷம் அப்படியே ஓட்டிவிட்டேன். பெற்ற பிள்ளைகளுக்கே அது முழுதாகத் தெரியாது. டீச்சரம்மாவுக்குத் தெரிந்தால் மூன்றாவது இடமும் என்னால் போகும். அது மட்டும் நடக்கக்கூடாது என்று சாமிப் படத்துக்கு முன்னால் நின்று சொல்லிவிட்டுத்தான் காடியில், அதுதான் காரில், ஏறினேன்.

அவர்கள் காடியில்தான் போனோம். அந்தப் பிள்ளை ஓட்டினார், என் மகள் பக்கத்தில். பின்னால் நாங்கள் இரண்டு பேர். அந்த அம்மா மெலிந்த உடம்பு, வெள்ளைக் கால்சட்டை, வெள்ளைச் சப்பாத்து, கறுப்புக் கண்ணாடி. என்னைப் பார்த்ததும் "வாங்கோ அக்கா" என்றார். நானும் "வணக்கம் அக்கா" என்றேன். இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் அக்கா என்றால், அதில் யாரோ ஒருத்தர் பொய் சொல்கிறார் என்று அர்த்தம்.

வழியில் பத்து பெரிங்கி என்கிற ஊரைத் தாண்டுவதற்குள்ளேயே எனக்கு வாய் நிற்கவில்லை. எங்கள் வீட்டில் புரட்டாசி முழுக்க மீன் சட்டியைக் கழுவி மேலே கவிழ்த்து வைத்துவிடுவோம், முட்டைகூட வாங்க மாட்டோம் என்று ஆரம்பித்தேன். மகள் முன்னாலிருந்து கண்ணாடியில் என்னை முறைத்தாள். அந்த அம்மா ஜன்னல் வழியாகக் கடலைப் பார்த்தபடி, தாங்களும் விரதம் பிடிக்கிறதுதான் என்றார். எனக்குத் திருப்தி. வாசிக்கிற வீடு இல்லாவிட்டால் போகிறது, சுத்தமான வீடு என்றாவது நினைப்பார்.

பூங்கா வாசலில் ஒரு கவுண்டர். உள்ளே போகிறவர்கள் பெயரும் அடையாள அட்டை ஐசி நம்பரும் எழுத வேண்டும். என் மகள் எங்கள் இரண்டு பேருக்கும் எழுதினாள், அந்தப் பிள்ளை அவர்கள் இரண்டு பேருக்கும் எழுதினார். ஐசி நம்பரில் முதல் இரண்டு எண் பிறந்த வருஷம் என்பது இந்த நாட்டில் யாருக்குத்தான் தெரியாது? எழுத்து வராதே தவிர எண் எனக்கு நன்றாக வரும். எட்டிப் பார்த்தேன். டீச்சரம்மா என்னைவிட மூன்று வருஷம் மூத்தவர். ஒன்றும் சொல்லாமல் முந்தானையைச் செருகிக்கொண்டு நடந்தேன். இன்றைக்குச் சின்னதாகப் பேசுவதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன் இல்லையா.

போகும்போது நடை, வரும்போது படகு என்று ஏற்பாடு. இரண்டு வழியும் படகிலேயே போகலாம் என்று பிள்ளைகள் எவ்வளவோ சொன்னார்கள். நான் தோட்டத்தில் பிறந்தவள், எனக்கு நடை ஒரு வேலையா என்று கேட்டேன். அந்த அம்மாவும் விடவில்லை. தினமும் காலையில் தண்ணீர்மலைப் பூந்தோட்டத்தில் நடக்கிறவராம். இப்படி இரண்டு கிழவிகளும் வீம்புக்கு நடக்கக் கிளம்பினோம்.

கொஞ்ச தூரம் போனதும் அந்த அம்மா மூக்கைத் தடவிப் பார்த்தார். கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பார்வைக் கண்ணாடியைக் காடியிலேயே விட்டுவிட்டார். மகன் போய் எடுத்து வருகிறேன் என்றார். என் மகளும் கூடப் போகிறேன் என்றாள். ஒரு கண்ணாடியைத் தூக்க எதற்கு இரண்டு பேர் என்று நான் கேட்கவில்லை. நீங்கள் மெதுவாக நடந்து போங்கள், பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில் பலகை இருக்கும், கெராச்சுட் போகிற பாதையில் திரும்பிப் போய்க்கொண்டே இருங்கள், நாங்கள் பிடித்துவிடுவோம் என்று சொல்லிவிட்டு இரண்டு பேரும் திரும்பினார்கள். சாப்பாட்டுப் பையும் அந்தப் பிள்ளையின் தோளிலேயே போனது.

பாதை பிரியும் இடம் வந்தது. ஒன்று இடது பக்கம் மலை ஏறியது. மற்றொன்று நேராகக் கடலோரமாகப் போனது. நடுவில் ஒரு பலகை, அதில் எழுத்து, அம்புக்குறி. அந்த அம்மா பலகைக்குக் கிட்டப் போய்க் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"எனக்குக் கண்ணாடி இல்லாட்டி எழுத்தெல்லாம் எறும்புதான் அக்கா. நீங்கள் வாசியுங்கோ."

 நின்று பார்த்தேன். எனக்குக் கண் நன்றாகவே தெரிகிறது, ஒவ்வொரு எறும்பும் தனித்தனியாகத் தெரிகிறது, என்ன எறும்பு என்றுதான் தெரியவில்லை. அந்த நேரத்தில் மூளை வேலை செய்தது. ஆமை எங்கிருந்து வரும்? கடலிலிருந்து வரும். மலை ஏறியா வந்து முட்டை இடும்? கடலோரப் பாதைதான் ஆமைப் பாதை. பேப்பர் வாசிக்கிறவள் மாதிரி தலையை இப்படியும் அப்படியும் ஆட்டி, "நேராப் போகணும்க்கா" என்றேன். குரலில் ஒரு நடுக்கம் இல்லை.

பொய்யாக இருந்தாலும் அது நல்ல பாதை. அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். வலது பக்கம் பாறைக்குக் கீழே கடல் பச்சையாகக் கிடந்தது. மரத்து வேர்களே படிக்கட்டாக இருந்தன. ஓர் உடும்பு, எங்கள் கண்டீன் அகப்பையைவிட நாலு மடங்கு நீளம், எங்களைப் பார்த்தும் அவசரப்படாமல் பாதையைக் கடந்து போனது. வயசான நடை, என் நடை மாதிரி. மேலே வெள்ளை வயிற்றுக் கழுகு ஒன்று சுற்றியது. அந்த அம்மா மரத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துப் பெயர் சொன்னார், எனக்கு ஒன்றும் பதியவில்லை. நான் என் பங்குக்கு, எந்தக் கொழுந்தைப் பறித்துச் சம்பல் அரைக்கலாம் என்று சொன்னேன். சாய்வான இடத்தில் அவர் கையை நான் பிடித்தேன், அடுத்த சாய்வில் என் கையை அவர் பிடித்தார். நடுவில் உட்கார்ந்து உட்கார்ந்து போனோம். பிள்ளைகள் வரவே இல்லை. பேசிக்கொண்டு வருவார்கள், விடுங்கள் என்று இரண்டு பேரும் சிரித்துக்கொண்டோம்.

கடைசியில் மணல் தெரிந்தது. அழகான கடற்கரை. ஊஞ்சல் கட்டியிருந்தார்கள், இளநீர் விற்கிற கொட்டகை ஒன்று மூடிக்கிடந்தது, வெள்ளைக்காரர்கள் குளித்துக்கொண்டிருந்தார்கள். ஆமை இருக்கிற கட்டடம் எதுவும் இல்லை. ஒரு மலாய்க்காரப் பையனிடம் ஆமை எங்கே என்று கேட்டேன். அவன் எங்களைப் பார்த்து, பின்னாலிருந்த மலையைப் பார்த்து, ஆமை அந்தப் பக்கம், இது குரங்குக் கடற்கரை என்றான்.

அந்த அம்மா வெள்ளைச் சப்பாத்தைக் கழற்றி மணலைத் தட்டினார். ஒரு மரத்தடியில் உட்கார்ந்தார். நான் நின்றேன். போனை எடுத்தேன், லைன் இல்லை. மூன்றாவது இடமும் போனது என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டு இருக்கும்போதே எனக்குக் கை நடுங்கியது. முதலில் பயம் என்று நினைத்தேன். பிறகுதான் புரிந்தது, எனக்கு இனிப்புநீர் வியாதி உண்டு. காலையில் மாத்திரையைப் போட்டுவிட்டு, இரண்டு இட்லிதான் சாப்பிட்டிருந்தேன், கட்டிக்கொண்டு வந்த சாப்பாடெல்லாம் அந்தப் பிள்ளையின் தோளில். நெற்றி குளிர்ந்து வேர்த்தது. மணலில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

அந்த அம்மா என் முகத்தைப் பார்த்தார். டீச்சராக இருந்தவர், காலைக் கூட்டத்தில் மயங்கி விழுகிற பிள்ளைகளை எத்தனை பார்த்திருப்பார். தன் கைப்பையைத் திறந்தார், மூடினார். மறுபடி திறந்தார். ஒரு சின்னப் பிளாஸ்டிக் டப்பாவை வெளியே எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, அதைத் திறக்காமல் என்னிடம் சொன்னார்.

"அக்கா, ஒண்டு சொல்லுறன், கோவிக்காதேங்கோ. ரொட்டி இருக்கு. ஆனால் உள்ளுக்கு மீன்."

டின் சாடின் மீனை வெங்காயமும் பச்சை மிளகாயும் போட்டுப் பிசைந்து வைத்த ரொட்டி. எனக்கு மயக்கத்திலும் வாசனை தெரிந்தது. அவர் முகம் சிவந்துபோனது. அவர்கள் வீட்டில் புரட்டாசிச் சனி மட்டும்தான் விரதமாம். நேற்றுச் சனிக்கிழமை எள் விளக்கெல்லாம் ஏற்றி முழு நாள் பிடித்தாராம், இன்றைக்கு ஞாயிறுதானே என்று விடிய எழும்பி மகனுக்கும் தெரியாமல் இரண்டு துண்டு செய்து வைத்திருக்கிறார். சம்பந்தி வீட்டார் சைவச் சாப்பாடுதான் கொண்டு வருவார்கள், தனக்கு மீன் இல்லாமல் இறங்காது என்றார். காடியில் நான் மீன் சட்டியைக் கவிழ்த்த கதையைச் சொன்னபோது, அந்த டப்பா அவர் மடியில்தான் இருந்ததாம்.

அந்த இடத்தில் அவர் பேசாமல் இருந்திருக்கலாம். தண்ணீர் மட்டும் கொடுத்திருக்கலாம். இல்லை, என் உடம்பைப் பார்த்துத் தன் மானத்தைத் திறந்து வைத்தார்.

சாப்பிட்டேன். எப்படி என்றால், அவர் ரொட்டியைப் பிரித்து, மீனை முழுக்கத் தன் பக்கம் வழித்துக்கொண்டு, படாத ஓரமாகப் பிய்த்துப் பிய்த்து எனக்குக் கொடுத்தார். மீனை அவர் விரலால் சாப்பிட்டார். இரண்டு பேர், ஒரே டப்பாவில் இரண்டு மதம். படாத ஓரம் என்று நான் சொல்கிறேன், சாமிக்குத் தெரியும். ஒன்று மட்டும் சொல்வேன், மிளகாய் அளவு சரியாக இருந்தது, கண்டீன்காரி சொல்கிறேன்.

கை நடுக்கம் நின்றதும் எனக்கு வேறு ஒன்று நெஞ்சில் முட்டியது. அவர் திறந்துவிட்டார், நான் மூடியே வைத்திருக்கிறேன். நான் ஏழை வீட்டில் பிறந்தவள், ஆனால் யாரிடமும் வாங்கியதைத் திருப்பாமல் இருந்ததில்லை. கடலைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"அக்கா, அந்தப் பலகையை நான் வாசிக்கல. எனக்கு ரூமி எழுத்து வராது. மூணாவதோட சரி. எம் மக மேல தப்பு இல்ல, அவளுக்கே தெரியாது."

அவர் டப்பாவை மூடிப் பைக்குள் வைத்தார். அலை வந்தது, போனது. எத்தனை தடவை என்று எண்ணியிருந்தால் சொல்லியிருப்பேன். நான் மகளை நினைத்துக்கொண்டேன். அவளிடம் எப்படிச் சொல்வது என்று வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன்.

அப்போது எங்கள் தலைக்கு மேலே கிளை ஆடியது. மூன்று கருங்குரங்குகள், அருகிலேயே, வாலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தன. நம் ஊர்க் காட்டில் இருக்கிற இந்தக் குரங்குக்குக் கண்ணைச் சுற்றி வெள்ளை வட்டம் இருக்கும், பார்த்தால் அசல் மூக்குக்கண்ணாடி போட்டது போலவே இருக்கும். மூன்றும் எங்களையே பார்த்தன. அந்த அம்மா கண்ணைச் சுருக்கி அண்ணாந்து பார்த்தார். பார்த்துவிட்டு, வகுப்பில் பேசுகிற குரலில் சொன்னார்.

"அங்க பாருங்கோ, கண்ணாடி போட்டவை மூண்டு பேர் இருந்திருக்கினம். அவையளைக் கேட்டிருக்கலாம்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கும் வந்தது. சிரித்துச் சிரித்து எனக்குக் கொண்டை அவிழ்ந்துவிட்டது. குளித்துக்கொண்டிருந்த வெள்ளைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சிரித்து முடித்த பிறகுதான் கேட்டார், கடலோரப் பாதை என்று எப்படி முடிவு செய்தீர்கள் என்று. ஆமை கடலிலிருந்துதானே வரும் என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, அது சரியான யோசனைதான், ஆமைக்குச் சரி, எங்களுக்குத்தான் சரி வரவில்லை என்றார்.

வெள்ளைக்காரர்களை இறக்கிவிட்டு ஒரு படகு திரும்பப் போகத் தயாராக இருந்தது. என் மலாய் எதற்கு இருக்கிறது? படகுக்காரரைக் கூப்பிட்டு, நாங்கள் சம்பந்திகள், பிள்ளைகளைத் தொலைத்துவிட்டோம், கெராச்சுட்டில் கொண்டுபோய் விடுங்கள் என்றேன். யார் யாரைத் தொலைத்தது என்று அவர் கேட்டார். ஆனாலும் ஏற்றிக்கொண்டார். ஆரஞ்சு நிறத்தில் மிதவைச் சட்டை போட்டுவிட்டார், என் சேலைக்கு மேலே. படகு முனையைச் சுற்றியது. உச்சியில் வெள்ளையாகக் கலங்கரை விளக்கம், கீழே பாறையில் அலை மோதி எங்கள் மடி நனைந்தது. எழுபது வயதை எட்டப் போகிறவள் நான், இந்தத் தீவில் ஐம்பது வருஷத்துக்கு மேல் இருக்கிறேன், இதன் முதுகுப் பக்கத்தை அன்றைக்குத்தான் பார்த்தேன். டீச்சரம்மா என் முழங்கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, இன்னும் எவ்வளவு தூரம் என்று கேட்டுக்கொண்டே வந்தார். நான் பார்த்துப் பார்த்துச் சொல்லிக்கொண்டே வந்தேன்.

கெராச்சுட் படகுத்துறையில் பிள்ளைகள் இரண்டு பேரும் நின்றார்கள். மலை ஏறி இறங்கி, எங்களைக் காணாமல், மறுபடி பாதி மலை ஏறிப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார்கள். என் மகளுக்கு அழுத முகம். என்னைக் கண்டதும் அழுகை கோபமானது.

"அம்மா, அந்தப் பலகையில இவ்ளோ பெரிசா போட்டிருக்கு. எப்படிம்மா தப்பாப் போனீங்க?"

நான் வாயைத் திறந்தேன். என்ன வரும் என்று எனக்கே தெரியாது. அதற்குள் அந்த அம்மா என் மிதவைச் சட்டையின் வாரைக் கழற்றிக்கொண்டே சொன்னார்.

"நான்தான் பிள்ளை, கடற்கரையோரம் நடப்பம் எண்டு கேட்டனான். எனக்காகத்தான் அம்மா அந்தப் பக்கம் வந்தவ."

மகள் அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் அடங்கிப்போனாள். அந்தப் பிள்ளை என்னிடம் வந்து, மாத்திரை போட்டிருப்பீர்களே, சாப்பிடாமல் எப்படி இருந்தீர்கள் ஆன்ட்டி என்று கவலையாகக் கேட்டார். உங்கள் அம்மா ரொட்டி கொடுத்தார் என்றேன். என்ன ரொட்டி என்றார். வெறும் ரொட்டிதான் தம்பி என்றேன். நான் சாப்பிட்டது வெறும் ரொட்டிதான், அதில் பொய் இல்லை.

பிறகு மணலில் துணி விரித்து என் புளிச்சோறும் உருளைக்கிழங்கும் சாப்பிட்டோம். டீச்சரம்மா இரண்டு தடவை போட்டுச் சாப்பிட்டார். உப்பு, காயம் பற்றி ஒரு பேச்சு இல்லை.

ஆமையையும் பார்த்தோம், அதற்குத்தானே வந்தது. வேலி கட்டிய மணலில் குழி குழியாக முட்டை புதைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு அடையாளக் குச்சி. பக்கத்தில் தொட்டியில் குஞ்சுகள், உள்ளங்கை அகலம்கூட இல்லை. துடுப்பு மாதிரி கை, அடித்துக்கொண்டே இருந்தன. எல்லாம் தொட்டியின் ஒரே பக்கத்தில், கடல் இருக்கிற பக்கச் சுவரில் போய் முட்டிக்கொண்டிருந்தன. அந்த அம்மா என் காதருகே குனிந்து, இதுகளுக்கும் பலகை தேவையில்லை என்றார். அதற்கு நான் சிரித்த சிரிப்பைப் பார்த்து, ஆமையில் அப்படி என்ன சிரிப்பு என்று என் மகள் கேட்டாள்.

மாலை வெயில் சாய்ந்தபோது படகில் வாசலுக்குத் திரும்பி வந்தோம். வெளியே போகிறவர்களும் கவுண்டரில் கையெழுத்துப் போட வேண்டும். இப்போது அந்த அம்மாவிடம் கண்ணாடி இருந்தது. மகன் பேனாவை நீட்டியதும் அதை வாங்கிக்கொண்டு, காலையில் எழுதிய வரிசையை விரலால் தடவிக்கொண்டே போனார். என் நம்பரில் விரல் நின்றது. தன் நம்பரைப் பார்த்தார். கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்தார்.

"மூண்டு வருஷம். இதைக் காலமையே கண்டிட்டீங்கள், என்ன?"

"எண்ணெல்லாம் நல்லா வாசிப்பேன்க்கா" என்றேன்.

அவர் எங்கள் இரண்டு பேருக்கும் எதிரே கையெழுத்துப் போடவில்லை. தனக்கு மட்டும் போட்டுவிட்டுப் பேனாவை என்னிடம் கொடுத்தார். நான் தமிழில் என் பெயரை எழுதினேன், ஒவ்வொரு எழுத்தாக, அவசரப்படாமல். பின்னால் வரிசையில் நின்றவர்கள் காத்திருந்தார்கள். அவர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். முடிந்ததும், எழுத்து வட்டமாக, வடிவாக இருக்கிறது என்றார்.

காடிக்கு நடக்கும்போது, புரட்டாசியில் எதுவும் பேசக்கூடாது, அதனால் எதுவும் பேசவில்லை என்று எனக்கு நினைவூட்டினார். ஐப்பசி பிறந்த முதல் ஞாயிற்றுக்கிழமை மாலை வீட்டில் இருப்பீர்களா தங்கச்சி என்று மட்டும் கேட்டார்.

இருப்பேன், வாங்க அக்கா, மீன் சட்டியை அன்றைக்குத்தான் இறக்குவேன் என்றேன்.